வீடு மாறும் பிள்ளைகள் – 9: சம்பள நாளில் ஓய்வு

ரோட்டரி இளைஞர் பரிமாற்றத்தில் 15 முதல் 19 வயதுப் பிள்ளைகள் ஒரு கல்வியாண்டு வெளிநாட்டில் தங்கிப் படிப்பதையும், தங்க இடம் கொடுக்கும் குடும்பத்துக்குச் சல்லிக்காசு கிடையாது என்பதையும் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் யூதப் பிள்ளைகள்.

முன்பின் தெரியாதவர் வீட்டில் பிள்ளையை விடுவது அவர்களுக்குப் பழைய காயம். 1938 டிசம்பர் 2 அன்று நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி, பெற்றோர் இல்லாமல் சுமார் 200 யூதப் பிள்ளைகள் இங்கிலாந்தின் ஹார்விச் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் போர் வெடிப்பதற்குள் அப்படி ஏறத்தாழ 10,000 பேர் வந்துவிட்டார்கள். பெரும்பாலானோர் பெற்றோரை மறுபடி பார்க்கவே இல்லை. பலர் போய்ச் சேர்ந்தது கிறிஸ்தவ வீடுகளுக்கு. சொந்தப் பிள்ளையாய் வளர்த்தவர்கள் உண்டு. வேலைக்காரியாய் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அன்பாக நடத்திய வீடுகளிலேயே சில பிள்ளைகள் மதம் மாறினார்கள்.

இன்றைய நிலைமை வேறு. அமெரிக்காவில் 1982-ல் மெம்பிஸ் நகரில் தொடங்கிய யூதப் பதின்பருவத்தினருக்கான மக்காபி விளையாட்டுகளில், வெளியூர் ஆட்டக்காரர்களை உள்ளூர்க் குடும்பங்களே வீட்டில் தங்கவைக்கும் வழக்கம் உண்டு. அங்கே பெரும்பாலும் யூதர் வீட்டில் யூதப் பிள்ளை, சிக்கல் குறைவு. திருப்பூரில் ஒரு வீட்டுக்கு வந்தால்?

முதலில் சனிக்கிழமை. நம் ஊரில் அது வாரச் சம்பள நாள். பட்டுவாடா, கடைவீதி, நெரிசல் எல்லாம் அன்றைக்குத்தான். ஆசாரமான யூதருக்கோ வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை வேலையே கிடையாது. வண்டி ஏறமாட்டார்கள், போன் தொடமாட்டார்கள், விளக்கு சுவிட்சைக்கூடப் போடமாட்டார்கள். கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரேல் யூதர்களுக்கு 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள்' என்றே பெயர். அன்று அவர்கள் செக்கு ஓடியதில்லை.

அடுத்தது சாப்பாடு. இங்கேதான் நம் ஆட்கள் தடுமாறுவார்கள். பன்றி, நண்டு, இறால் ஆகாது என்பது சுலபம். கறியும் பாலும் ஒரே வேளையில் கூடாது என்பதுதான் கஷ்டம். கறிச்சோறு தின்றுவிட்டுக் கடைசியில் தயிர் ஊற்றிக்கொள்ளாமல் நமக்கு எழுந்திருக்கவே தெரியாது. அதுவும் அவர்கள் முறைப்படி அறுத்த கறி இங்கே கிடைக்காது. "ஒரு வாய் தின்னு கண்ணு" என்று அம்மிணிகள் விடாமல் கெஞ்சுவது பாசம்தான்; மறுக்கத் தெரியாத பதினாறு வயதுக்கு அது வதை. புதுப் பாத்திரத்தில் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி நெய் ஊற்றுங்கள், அநேகமாகப் பிரச்சினை தீர்ந்தது.

துணியில் மட்டும் நாம் தப்பித்தோம். ஆட்டு ரோமக் கம்பளியையும் லினனையும் ஒரே உடையில் கலக்கக்கூடாது என்பது அவர்கள் வேத விதி. பருத்திக்குத் தடையில்லை, லைக்ரா கலந்தாலும், பாலியெஸ்டர் கலந்தாலும் ஒன்றுமில்லை. பையன் சட்டைக்குள் நான்கு முனையிலும் நூல் தொங்கும் வெள்ளைத் துணி போட்டிருக்கலாம். செக்கிங் டேபிளில் பழகிய கண்ணுக்கு அது பிசிறு. தயவுசெய்து ட்ரிம்மரைக் கையில் எடுக்காதீர்கள். அந்த நூல்கள் இருப்பதற்காகவே அந்தத் துணி.

இதையெல்லாம் படித்துவிட்டு, வருகிற யூதப் பிள்ளை ஒவ்வொன்றும் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். விதி எதையும் பார்க்காமல் சனிக்கிழமை சினிமாவுக்குக் கிளம்புகிறவர்கள் ஏராளம். முழு விதியும் பார்க்கிற பிள்ளைக்கு நம் வீடு சரிப்படாது என்று தோன்றினால், வருவதற்கு முன்பே சொல்லிவிடுவதுதான் மரியாதை. பரிமாற்ற விண்ணப்பத்தில் உணவுப் பழக்கம், மதம் பற்றியெல்லாம் பிள்ளைகள் எழுதியிருப்பார்கள். அதை முழுசாகப் படியுங்கள், பிள்ளையிடமே ஒருமுறை வீடியோவில் பேசுங்கள், அதன்பிறகு சம்மதம் சொல்லுங்கள்.