மின்னிசைப் பெட்டிகள் – 9: பழுது பேடிலா, கணக்கிலா?

பேடைத் தட்டி ஒலித்துண்டுகளை வாசிக்கும் எம்.பி.சி. பெட்டியை வாங்கிய புதிதில் வருகிற புகார்கள் அநேகமாக இந்த வரிசையில் இருக்கும்: பேடைத் தட்டினால் சத்தம் இல்லை; சத்தம் வந்தால் பாதியில் அறுந்துபோகிறது; அறுபடாமல் வந்தால் தாளம் நிற்கவில்லை. 'பெட்டி பழுது' என்று முடிவுகட்டி வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. அப்படிக் கைமாறும் பெட்டிகளில் பலவற்றுக்கு ஒரு கோளாறும் இருக்காது என்பது என் ஊகம்.

சென்ற வாரம் பார்த்த, 2012இல் வந்த எம்.பி.சி. ரெனைசன்ஸ் கணினி இல்லாவிட்டால் ஊமை. 2017இல் வந்த எம்.பி.சி. எக்ஸ், எம்.பி.சி. லைவ் இரண்டும் அந்தக் கயிற்றை அறுத்தன. செயலி, நினைவகம், தொடுதிரை எல்லாம் பெட்டிக்குள்ளேயே. சுதந்திரம் வந்தது. கூடவே, எது கெட்டாலும் பழியைப் போடக் கணினி இல்லை என்ற நிலையும் வந்தது.

விரல் படும்போது உள்ளே என்ன நடக்கிறது? ரப்பர் பேடுக்கு அடியில் அழுத்தத்தை உணரும் மெல்லிய தகடு இருக்கிறது. அழுத்தம் கூடக் கூட அதன் மின்தடை குறையும். பெட்டி அதை அளந்து 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக்குகிறது. எந்தப் பேட், எவ்வளவு வேகம் என்ற இந்தத் தகவல் புரோகிராமுக்குப் போகிறது. அங்கே அந்தப் பேடுக்கு ஒதுக்கப்பட்ட சாம்பிள், அதாவது பதிந்துவைத்த ஒலித்துண்டு, எழுந்து, மிக்ஸர் வழியாக வெளியே வருகிறது. ஆகவே சத்தம் வராதபோது கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் தட்டியது பெட்டிக்குத் தெரிந்ததா?

பேடின் விளக்கு மின்னினால் தெரிந்துவிட்டது. கையில் தவறில்லை, தகட்டிலும் தவறில்லை. இனி தேட வேண்டியது பேடுக்கு அப்பால். பெரும்பாலும் பேங்க் மாறியிருக்கும். 16 பேட்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஏ முதல் எச் வரை எட்டு பேங்குகள், மொத்தம் 128 இடங்கள். நீங்கள் ஏ-யில் வைத்த டிரம்மை பி-யில் தேடிக்கொண்டிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் மியூட் பட்டனைப் பாருங்கள். பெட்டி யூஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைந்து கண்ட்ரோலர் மோடில் இருந்தால், சத்தத்தை உண்டாக்குவது கணினியின் மென்பொருள். பெட்டி வெறும் கைதான். தனியாக இயங்கும் மோடுக்குத் திரும்பினால் பேசத் தொடங்கிவிடும்.

விளக்கே மின்னவில்லை என்றால்தான் தகட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் முன்னால் அமைப்புகளில் பேட் சென்ஸிட்டிவிட்டியையும் த்ரெஷோல்டையும் பாருங்கள். த்ரெஷோல்ட் அதிகமாக இருந்தால் மெல்லிய தட்டல்கள் கணக்கில் சேராது. மிகக் குறைவாக இருந்தால் ஒரு தட்டுக்கு இரண்டு சத்தம் கேட்கும். பக்கத்துப் பேடின் அதிர்வில்கூட ஒரு பேட் தானாக ஒலிக்கும். 2000 எக்ஸ்.எல்., 1000 போன்ற பழைய மாடல்களில் தகடும் ரப்பரும் வயதாகித் தளர்ந்திருக்கும். அவற்றைத் திறந்து சுத்தம் செய்து, ரப்பரின் அடியில் சிறு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி இடைவெளியைக் குறைப்பது இசைக்காரர்களிடையே பழைய கைவைத்தியம். ஒரே அடுக்கு போதும். அதற்கு மேல் ஒட்டினால் தொடாமலே பேசும் பேட் கிடைக்கும்.

நம் மெல்லிசை மேடைகளில் ஆக்டோபேட் வாசித்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. அது குச்சிக்கானது, இது விரலுக்கானது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் 127க்கு மேல் எண் கிடையாது. எல்லா அடியும் ஒரே பலத்தில் வேண்டுமென்றால் ஃபுல் லெவல் பட்டனை அழுத்திவிட்டு, கையை வருத்தாமல் வாசியுங்கள்.

சத்தம் பாதியில் அறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு அமைப்பு. சாம்பிள் 'நோட் ஆன்' முறையில் இருந்தால் விரலை எடுத்ததும் நின்றுவிடும். 'ஒன் ஷாட்' முறையில் இருந்தால் ஒரு தட்டுக்கு முழுதும் ஒலிக்கும். மாற்றினால் தீர்ந்தது.

அடுத்து, ஸ்பீக்கரில் வரும் 'ம்ம்' இரைச்சல். லைவ் மாடலில் பேட்டரி இருப்பதால் சோதனை சுலபம்: அடாப்டரையும் யூஎஸ்பி வயரையும் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் பெட்டி நிரபராதி. கணினிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது. எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து எடுத்தாலே பல வீடுகளில் சரியாகிவிடும். இதற்காக எர்த் முள்ளை வெட்டி எறியும் வழக்கம் இருக்கிறது. இரைச்சல் போகும், ஷாக் அடித்து ஆளும் போகலாம். வேண்டாம்.

இனி மூன்றாவது புகார். தாளம் நிற்கவில்லை என்பது.

இதைப் புரிந்துகொள்ள ரோஜர் லின்னிடம் போக வேண்டும். நிஜ டிரம்மைப் பதிவு செய்து டிஜிட்டலாக ஒலிக்கவிட்ட முதல் டிரம் மெஷின், எல்.எம்.-1, 1980இல் அவர் செய்தது. 1984இல் வந்த லின் 9000 கோளாறுகளுக்குப் பேர்போனது. இரண்டே ஆண்டில் கம்பெனியும் மூடப்பட்டது. பிறகு ஜப்பானின் அகாய் அவரை அழைத்துக்கொள்ள, 1988இல் எம்.பி.சி.60 பிறந்தது. 13.1 விநாடி சாம்பிள்தான் கொள்ளும். அதனால் 33 சுற்று இசைத்தட்டை 45இல் ஓடவிட்டுப் பதிவு செய்து, பெட்டிக்குள் வேகத்தைக் குறைத்துக்கொள்வது அக்கால சாம்பிளர்காரர்களின் தந்திரம். இந்தக் கணக்கில் 13.1 விநாடிக்குள் ஏறக்குறைய பதினேழே முக்கால் விநாடிப் பாட்டு அடங்கும்.

லின் ஒரு கால் நோட்டை 96 டிக்குகளாகப் பிரித்தார். தட்டிய அடியை அருகிலுள்ள கட்டத்துக்கு நகர்த்துவது குவாண்டைஸ். கட்டங்களில் ஒன்றுவிட்டு ஒன்றைத் தாமதப்படுத்துவது ஸ்விங். ஒரு ஜோடி பதினாறாம் நோட்டுகளுக்கு 48 டிக். ஸ்விங் 50% என்றால் 24க்கு 24, நேர் நடை. 54% என்றால் 26க்கு 22. இரண்டே டிக் வித்தியாசம். 90 பிபிஎம் வேகத்தில் அது சுமார் 14 மில்லிசெகண்ட். ஆனால் உடம்பு ஆடத் தொடங்குவது அந்த இடத்தில்தான். 66%க்குப் போனால் 32க்கு 16, அசல் திஸ்ரம். டெட்ராய்ட்டின் ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா குவாண்டைஸை அணைத்துவிட்டு வாசித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அது பாதிக் கதை. ஒரே தாளத்துக்குள் ஓர் ஒலியை முன்தள்ளி, இன்னொன்றைப் பின்னிழுக்க அவர் பெட்டியின் வசதிகளையே பயன்படுத்தினார் என்பதை டான் சார்னஸ் 2022இல் எழுதிய நூல் விரிவாகச் சொல்கிறது. டில்லாவின் எம்.பி.சி.3000 இன்று வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு மற்றும் பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இப்போது நம் ஊர்ச் சிக்கல். 96, மூன்றாலும் நான்காலும் மீதியின்றி வகுபடும். ஐந்தால் வகுத்தால் 19.2. லின் யோசித்த இசையில் கண்ட நடை இல்லை. இன்றைய பெட்டிகளில் கால் நோட்டுக்கு 960 டிக் இருப்பதால் ஐந்தால் சரியாக வகுபடும் (ஏழால் வகுபடாது). ஆனால் குவாண்டைஸ் பட்டியலில் கிடைப்பது நேர் கட்டமும் மூன்றின் கட்டமும்தான். 'த க த கி ட' என்று ஐந்தைச் சுத்தமாகத் தட்டினாலும், பெட்டி அதைப் பிடித்து நான்கின் கட்டத்தில் உட்காரவைக்கும். மிருதங்கம் தெரிந்தவர்கள் 'மெஷினுக்குத் தாளம் தெரியவில்லை' என்று சலித்துக்கொள்வது இந்த இடத்தில்தான். அவர்கள் சொல்வது முழுக்கத் தவறும் இல்லை.

வழி இருக்கிறது. கால் நோட்டைத் தாள அட்சரமாக நினைக்காதீர்கள். பதினாறாம் நோட்டை ஒரு மாத்திரையாக வைத்து, ஐந்து மாத்திரைக்கு ஓர் அட்சரம் என்று எண்ணுங்கள். அட்சரம் நிமிடத்துக்கு 72 வேண்டுமா? பெட்டியில் 72ஐ ஐந்தால் பெருக்கி நான்கால் வகுத்து, 90 என்று போடுங்கள். மீட்டரை 5/4 ஆக்குங்கள். ஆதி தாள ஆவர்த்தனம் எட்டு அட்சரம், நாற்பது மாத்திரை. 5/4இல் ஒரு பாருக்கு இருபது மாத்திரை. ஆக இரண்டு பாரில் ஓர் ஆவர்த்தனம் மிச்சமில்லாமல் அமர்ந்துவிடும். புது சீக்வென்ஸ் தானாகவே இரண்டு பாரில்தான் திறக்கும் என்பதால் நீளத்தைத் தொடக்கூட வேண்டாம். மிஸ்ர நடைக்கு ஐந்தின் இடத்தில் ஏழு: வேகம் 126, மீட்டர் 7/4.

மெட்ரோனோமை மட்டும் அணைத்துவிடுங்கள். அது நான்கு மாத்திரைக்கு ஒருமுறை அடித்து உங்களைக் குழப்பும். ஒரு பேடில் கட்டை ஒலி ஒன்றை வைத்து, ஐந்து மாத்திரைக்கு ஓர் அடி பதிந்துகொண்டால் அதுவே தாளம் போடும். டெம்போவோடு ஒத்துப்போகும் எக்கோ எஃபெக்டுகளும் 90ஐத்தான் நம்பும். உங்கள் 72 அவற்றுக்குத் தெரியாது. ஒத்துப்போகாத வகை டிலேயைத் தேர்ந்து, அட்சரத்துக்கு ஓர் எதிரொலி வேண்டுமானால் 833 மில்லிசெகண்ட் என்று கையாலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம்: மொத்தம் பத்து விநாடி நினைவகத்தோடு வந்த எஸ்.பி.-1200.

(தொடரும்)