மூன்று மாதச் சர்க்கரை எண் எங்கிருந்து வருகிறது?

“விரலில் குத்திப் பார்க்கும்போது சர்க்கரை சரியாக இருக்கிறது, மூன்று மாதச் சோதனையில் மட்டும் ஏன் ஏறிக் காட்டுகிறது?” நாவலூர், படூர், தாழம்பூர்ப் பகுதிகளிலிருந்து பெற்றோரை அழைத்துவரும் பிள்ளைகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காலை வெறும் வயிற்றில் மட்டுமே பார்ப்பதும், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை கண்ணில் படாமல் போவதும் பெரும்பாலும் காரணமாகும். எனினும் வேறு காரணங்களும் உண்டு. அவற்றை அறிய, அந்த எண் பிறக்கும் விதத்தைக் காண வேண்டும்.

சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின், நான்கு சங்கிலிகளும் 574 அமினோ அமிலங்களும் கொண்ட புரதம். இரத்தத்திலுள்ள குளுக்கோஸ், நொதியின் உதவியின்றித் தானாகவே அதன் பீட்டாச் சங்கிலியின் முதல் அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொள்கிறது. உறுதியாக ஒட்டியபின், ஏறத்தாழ 120 நாள் வாழும் அந்த அணு அழியும்வரை அகலுவதில்லை. நோயாளிகளின் இரத்தத்தில் இந்த மாறுபட்ட ஹீமோகுளோபின் இருப்பதை 1960களின் இறுதியில் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் கண்டறிந்தார்.

ஒட்டியதை எவ்வாறு அறிவது? எடைபோட்டுத்தான். குளுக்கோஸின் மூலக்கூற்று எடை 180. ஒட்டும்போது 18 எடையுள்ள நீர் விலகுவதால் 162 கூடுகிறது. ஏறத்தாழ 15,867 எடையுள்ள பீட்டாச் சங்கிலி 16,029 ஆகிவிடும். இவ்வேறுபாட்டைப் பிரித்துக் காட்டும் கருவியே நிறை நிறமாலைமானி. சங்கிலியின் முதல் ஆறு அமினோ அமிலங்களை நொதியால் வெட்டியெடுத்து, சர்க்கரை ஒட்டியவை எத்தனை பங்கு, ஒட்டாதவை எத்தனை பங்கு என இக்கருவியால் அளப்பது உலகளவில் ஏற்கப்பட்ட மேற்கோள் முறைகளுள் ஒன்று. மருத்துவமனைகளில் நாள்தோறும் இயங்கும் எளிய கருவிகளின் அளவீடு அத்தகைய மேற்கோள் முறையுடன் ஒப்பிட்டே சீர்செய்யப்படுகிறது.

எடை மட்டுமன்று, புரதத்தின் வடிவத்தையும் இவ்வழியில் அறியலாம். மதுரைச் சுங்குடிச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். முடிச்சிட்ட இடத்தில் சாயம் ஏறாது. வெண்புள்ளிகளைப் பார்த்தே முடிச்சு எங்கிருந்தது எனச் சொல்லிவிடலாம். புரதத்துக்குச் சாயமாவது கனநீர். (நம் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பயன்படும் அதே கனநீர்தான், அது தன்னளவில் கதிரியக்கமுடையதன்று, சோதனையும் குழாயில்தான் நடக்கிறது.) வெளியே தெரியும் பகுதிகளில் ஹைட்ரஜனுக்குப் பதில் இருமடங்கு எடையுள்ள டியூட்டீரியம் விரைவில் ஏறுகிறது, மடிப்புக்குள் மறைந்தவற்றில் மெல்ல ஏறுகிறது. பின்னர் நம் இரைப்பையிலும் சுரக்கும் பெப்சினால் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் எடைபோடுவர். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தார், குளூட்டாதயோன் என்னும் பொருள் ஒட்டிய ஹீமோகுளோபினின் வடிவ மாற்றத்தை இம்முறையில் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டனர். நீரிழிவில் மிகுந்து காணப்படும் இவ்வகை ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்வது. திசுக்களுக்கு அதை எளிதில் விடுவதில்லை.

இனி உங்கள் அறிக்கைக்கு வருவோம். சர்க்கரையின் சுவடு சிவப்பணுவில் இருப்பதால், அணுவின் வாழ்நாள் மாறினால் எண்ணும் மாறும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையில், சர்க்கரை கூடாமலே எண் உயரக்கூடும். அண்மையில் இரத்தம் இழந்தவர்கள், இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொண்டு இரத்தம் ஊறுவதற்கான ஊசி போடுபவர்கள் ஆகியோருக்கு உண்மைநிலையைவிடக் குறைந்து காட்டக்கூடும். இக்குறைவான எண்ணே எங்களை அதிகம் கவலையுறச் செய்கிறது. 6.2 என்று கண்டு, மாத்திரை இனித் தேவையில்லை என வீட்டிலேயே முடிவெடுத்துவிடுபவர்கள் உண்டு. பிறவியிலேயே ஹீமோகுளோபின் மாறுபாடு உள்ளவர்களுக்கும் சில கருவிகள் தவறான அளவைத் தருகின்றன.

ஆகவே இவற்றுள் ஏதேனும் இருப்பின், இரத்தம் கொடுக்குமுன் மருத்துவரிடம் கூறுங்கள். தேவையெனில், இரத்தநீர்ப் புரதங்களில் ஒட்டிய சர்க்கரையைக் கணக்கிட்டு, கடந்த இரண்டு மூன்று வாரங்களின் நிலையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் சோதனையை அவர் பரிந்துரைக்கலாம். வீட்டில் விரலில் குத்திப் பார்த்த அளவுகளை, உணவுக்கு முன்னா பின்னா என்ற குறிப்புடன் எழுதி எடுத்துவாருங்கள். மூன்று மாதச் சோதனைக்கு மட்டுமெனில் வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. முதியவர்களைக் காலை உணவு உண்ணச் செய்தே அழைத்துவரலாம்.