பி.பி.ஏ.வோடு ஜப்பான் மொழியும் படிக்கலாமா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டிருந்தேன். கோவையில் ஹாஸ்டலில் தங்கி பி.பி.ஏ. முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த என் மகள், "அம்மா, நான் ஜப்பான் பாஷையும் சேர்த்துப் படிக்கட்டுங்களா?" என்று கேட்டாள். மாவுக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"ஏனம்மிணி, உன்னை ஜப்பான்காரனுக்கா கட்டிக் குடுக்கப் போறோம்?" என்று என் மாமியார் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. எங்களுக்கு ஈரோட்டில் பெட்ஷீட், துண்டு வியாபாரம். சின்னக் கடைதான். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வேண்டாம் கண்ணு. எடுத்த படிப்பை முதல்ல முடி" என்றார்.

பணம் வேறு ஒரு கேள்வி. அவளுக்கு வளையல் எடுப்பதற்காக நான் கட்டிவந்த சீட்டுப் பணத்தைத்தான் எடுக்கவேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். இது லாபமா, நஷ்டமா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆகவே ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிவிட்டு, நானும் அவளும் விசாரித்தோம். தெரிந்துகொண்டதை, இதே கேள்வி உங்கள் வீட்டிலும் எழலாம் என்பதால் எழுதுகிறேன்.

நிர்வாகப் படிப்புக்கும் ஜப்பானுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் நிறையவே இருக்கிறது. ஒரு தொழிற்சாலையில் தரம் குறையாமல் எப்படிப் பொருள் செய்வது என்ற பாடத்தில் ஜப்பானியர் பெயர் வாங்கியவர்கள். அங்கே 1951-லிருந்து டெமிங் பரிசு என்று ஒன்று கொடுக்கிறார்கள். இந்தியாவில் அதை முதன்முதலில் வாங்கியது நம் சென்னையின் சுந்தரம்-கிளேட்டன் கம்பெனி, 1998-ல். ஓசூரில் சுசுகி கம்பெனியோடு கூட்டாக மோட்டார் சைக்கிள் செய்த டி.வி.எஸ்., 2001-ல் கூட்டுப் பிரிந்து, 2002-ல் அதே பரிசை வாங்கியது. பி.பி.ஏ. பாடத்தில் வரும் 'கைசன்', 'கன்பான்' எல்லாம் ஜப்பான் சொற்களே.

ஜப்பானில் வெளிநாட்டு எஞ்சினீயர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் பயிற்சி கொடுக்க 1959-ல் ஏ.ஓ.டி.எஸ். என்ற அமைப்பு தொடங்கியது. அதில் பயின்று திரும்பிய நம்மவர்களின் சங்கம் சென்னையில் இருக்கிறது. ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்று பெயர். 'தோசோகாய்' என்றால் பழைய மாணவர் சங்கம். அங்கே ஜப்பான் மொழி வகுப்பும் நடத்துகிறார்கள். நிர்வாகமும் மொழியும் கைகோத்து நடப்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஜப்பானுக்கே போய்ப் படிப்பவர்களும் உண்டு. பெப்பு என்ற ஊரில் 2000-ல் தொடங்கிய ரித்சுமேகன் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகத்தில் நிர்வாகப் படிப்பை ஆங்கிலத்திலேயே படிக்கலாம். ஆனால் அப்படிச் சேரும் மாணவர்களும் ஜப்பான் மொழியைக் கூடவே கற்கவேண்டும். நம் குடும்பத்துக்கு அந்தச் செலவு கட்டாது. ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் படிப்பது விபரீத ஆசை இல்லை என்று புரிந்தது. சீட்டுப் பணம் கைமாறியது.

தமிழ் தெரிந்தால் பாதி சுலபம்

மகள் சனி, ஞாயிறு வகுப்புக்குப் போனாள். விடுமுறையில் வரும்போது எனக்கும் சொல்லிக் கொடுப்பாள். "அம்மா கடையில் ரொட்டி வாங்கினார்" என்பதை "ஹஹா வா, மிஸே-தே, பான் ஓ, கைமஷித்தா" என்கிறார்கள். அம்மா, கடையில், ரொட்டியை, வாங்கினார். நம் வரிசையேதான்! வினைச்சொல் கடைசியில் வருகிறது; வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறது. இங்கிலீஷுக்குத் தலைகீழாகத் திருப்பிய வாக்கியத்தை, இதற்குத் திருப்ப வேண்டியதே இல்லை. 'பான்' என்பது போர்த்துக்கீசியர் கொடுத்த சொல். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்பதும் அதே வழியில் வந்ததுதான்.

மரியாதையிலும் அப்படியே. நம் கொங்குப் பேச்சில் 'ங்க' போடாமல் பெரியவர்களிடம் பேச முடியுமா? அங்கேயும் 'தெஸு', 'மஸு' என்று முடித்தால்தான் மரியாதை. தன் அம்மாவைப் பற்றிப் பிறரிடம் சொல்லும்போது 'ஹஹா'. பிறர் அம்மாவை 'ஒகாசான்'.

கஷ்டம் எழுத்தில் இருக்கிறது. ஹிரகானா 46, கதகானா 46 அடிப்படை எழுத்துக்கள். அதற்கு மேல் காஞ்சி என்ற சித்திர எழுத்துக்கள். அன்றாடப் புழக்கத்துக்கென்று அரசு வகுத்த பட்டியலிலேயே 2,136 இருக்கின்றன. இது வருஷக்கணக்கில் ஏறும் மலை. ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதல் தேர்வில் தோல்வி

ஜே.எல்.பி.டி. என்ற தேர்வில் ஐந்து படிகள். என்-5 அடிப்படி, என்-1 உச்சி. ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். என் மகள் டிசம்பரில் என்-5 எழுதினாள். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் இருவரும் சென்னைக்குப் போனோம்.

அங்கேதான் தப்புச் செய்தோம். கல்லூரி செமஸ்டர் பரீட்சையும் அதே நாட்களில் வந்தது. ராத்திரி ஒரு மணி வரை விழிப்பு, காலையில் டீ மட்டும், தீராத தலைவலி. முகம் வாடிப்போய் வந்து நின்றாள். முடிவு வந்தபோது மொத்தம் 180-க்கு 96. தேற 80 போதும். ஆனாலும் தோல்வி! காரணம், கேட்டுப் புரியும் பகுதியில் 60-க்கு 19-ஆவது வாங்கவேண்டும். அவள் வாங்கியது 17. கண்ணால் படித்தாளே தவிர, காதால் கேட்டுப் பழகவில்லை. கல்லூரியிலும் ஒரு பாடத்தில் மார்க் குறைந்துவிட்டது.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. அவள்தான் அழுதாள். "வளையலும் போச்சுங்கம்மா" என்றாள். எனக்கும் தொண்டையை அடைத்தது. ஆனால் படிக்கும் முறை தப்பே தவிர, படிப்பு தப்பில்லை என்று பட்டது. மூவரும் உட்கார்ந்து சில விதிகள் போட்டோம்:

- டிசம்பர் வேண்டாம், ஜூலையில் எழுதுவது. மே, ஜூன் விடுமுறை முழுக்கக் கையில் இருக்கும்.
- தினம் விடிகாலை ஒரு மணி நேரம் மட்டும் ஜப்பான் மொழி. செமஸ்டர் மாதத்தில் கால் மணி போதும், அடியோடு விட்டுவிடக்கூடாது.
- தினம் இருபது நிமிஷம் காதால் கேட்பது. விடுமுறையில் காய் நறுக்கும்போது போனில் போட்டுவிடுவோம்.
- இரவு பத்தரைக்கு விளக்கணைப்பு. காலையில் வயிறார இட்லியோ கம்மங்கூழோ.

ஜூலையில் தேறினாள். அடுத்த ஜூலையில் என்-4.

அடுக்களைக்கு வந்த பாடம்

ஜப்பான் கம்பெனிகளில் 'ஹோரென்சோ' என்று ஒரு வழக்கம். செய்ததைச் சொல், விஷயத்தைத் தெரிவி, சந்தேகமானால் கலந்து பேசு என்ற மூன்று சொற்களின் முதல் பகுதிகள் சேர்ந்தது. ஆனால் ஹோரென்சோ என்றால் அங்கே பசலைக்கீரை வகை ஒன்றுக்கும் பெயர்! இதைக் கேட்டு என் மாமியார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

'ஐந்து எஸ்' என்று இன்னொரு பாடம். வேண்டாததைக் கழி, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, சுத்தம் செய், அதையே நிலையாக்கு, பழக்கமாக்கு. கடைசிச் சொல் 'ஷித்ஸுகே'. பிள்ளைகளை நல்ல பழக்கத்தில் வளர்ப்பதற்கும் அதே சொல். துணியைத் தைக்குமுன் தற்காலிகமாக ஓட்டி வைக்கும் நூலுக்கும் அதே உச்சரிப்பு. இந்தப் பாடத்தை வைத்து என் அஞ்சறைப் பெட்டி அலமாரியை ஒழுங்கு செய்தேன். மறுவாரம் கடைக் கிட்டங்கியை அப்பாவும் மகளும் ஒழுங்கு செய்தார்கள். எந்த நிறத்துத் துண்டு எங்கே என்று தேடுவது நின்றது. மொழி மட்டும் படித்திருந்தால் வெறும் சொல். நிர்வாகம் மட்டும் என்றால் பரீட்சையோடு மறந்திருக்கும். இரண்டும் சேர்ந்ததால் வீட்டுக்குள் வந்தது.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை

என்-5, என்-4 என்பது ஆரம்பப் பள்ளி. அதை நம்பி வேலை கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். அலுவலக வேலைக்குப் பெரும்பாலும் என்-2 வரை எதிர்பார்க்கிறார்கள். தேர்வில் பேச்சுப் பரீட்சை கிடையாது. ஆகவே பேசப் பழகத் தனியாக முயற்சி வேண்டும். 2019-ல் ஜப்பான் கொண்டுவந்த தொழிலாளர் விசாவுக்கும் மொழி, தொழில் இரண்டிலும் தேறவேண்டும். "பணம் கட்டுங்க, ஜப்பானுக்கு அனுப்பறோம்" என்று யாராவது வந்தால், ஒரு ரூபாய் கொடுக்குமுன் நன்றாக விசாரியுங்கள். முக்கியமாக, பிள்ளைக்கே ஆசை இருக்கவேண்டும். அடுத்த வீட்டுப் பெண் படிக்கிறாள் என்று திணிக்காதீர்கள்.

என் மகள் இப்போது எம்.பி.ஏ. சேர்ந்து, என்-3-க்குத் தயாராகிறாள். ஜப்பானுக்குப் போவாளோ, இங்கேயே இருப்பாளோ, தெரியாது. வளையல் இன்னும் எடுக்கவில்லை. புதுச் சீட்டு ஒன்று கட்டிவருகிறேன். அங்கே தட்டையான பொருளை எண்ண 'மாய்' என்று ஒரு விகுதி சேர்ப்பார்கள். எடுத்த படிப்பை முதலில் முடி என்ற என் வீட்டுக்காரர், இப்போது பெட்ஷீட் அடுக்கும்போது "இச்சிமாய், நிமாய், சன்மாய்" என்று எண்ணுகிறார்!