மூடியைக் கழற்றினா ஓம் விதி: ஆர்.டி.ஏ. எப்படி வேலை செய்யுது?



2025 ஜூன் 1 முதல் யுகே-யில் ஒருமுறை இழுத்துட்டுத் தூக்கிப்போடும் வேப்களை விற்கத் தடை. அதைப் பத்தி இந்த வார எபிசோடில் பேசும்போது நடுவுல "ஆர்.டி.ஏ." என்ற சொல் வந்துச்சு. ஆடியோவில் அதைச் சரியா விளக்க நேரம் இல்லை. அதனால இந்த மடல் முழுக்க அதுக்குத்தான்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறோம். நீங்க சிகரெட்டும் பிடிக்கல, வேப்பும் இழுக்கலன்னா, இதைப் படிச்சுட்டுத் தொடங்காதீங்க. நிகோடின் பிடிச்சா சுலபமா விடாது. ஆனா இந்தச் சாதனம் உங்க கஸின் கையிலயோ ரூம்மேட் மேசையிலயோ ஏற்கனவே இருக்கலாம். அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சவருக்கும் தெரியாதவருக்கும் இடையில இருக்குற வித்தியாசம் சில நேரம் ஒரு தீக்காயம்.

பேரைப் பிரிச்சுப் பார்ப்போம்

ஆர்.டி.ஏ. என்றால் ரீபில்டபிள் டிரிப்பிங் அட்டமைசர். அட்டமைசர் என்பது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் பகுதி. டிரிப்பிங் என்றால் டேங்க் கிடையாது, திரவத்தை நாமே சொட்டுச் சொட்டா விடணும். ரீபில்டபிள் என்றால் உள்ளே இருக்கும் காயிலையும் பஞ்சையும் நாமே மாத்திக் கட்டிக்கலாம்.

மூடியைக் கழற்றினா உள்ளே ஒரு வட்டத் தட்டு இருக்கும். அதுக்குப் பேர் டெக். அதன் மேல சின்னத் தூண்கள் நிக்கும். ஒரு பக்கம் பாசிட்டிவ், இன்னொரு பக்கம் நெகட்டிவ். பாசிட்டிவ் தூணுக்குக் கீழே மின்சாரம் கடத்தாத ஒரு வளையம் இருக்கு. அது உருகினாலோ உடைஞ்சாலோ ரெண்டு பக்கமும் தொட்டு ஷார்ட் ஆகிடும். தட்டைச் சுத்தி இருக்கும் பள்ளத்தில் திரவம் தேங்கும். மூடியில் காத்து வர ஓட்டை, மேல வாய் வைக்கும் பகுதி. அவ்வளவுதான். சிப், சென்சார் எதுவும் இந்தப் பகுதியில் இல்லை.

கம்பியும் பஞ்சும்

காயிலுக்கு அதிகமா பயன்படுறது காந்தால் கம்பி. இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த இந்த உலோகக் கலவை 1930-களில் இருந்து ஸ்வீடனில் தயாராகுது. தொழிற்சாலை மின் உலைகளில் சூடேத்துறதும் இதே வகைக் கம்பிதான். 24 கேஜ் காந்தால் கம்பியை 3 மில்லிமீட்டர் தண்டில் 6 சுத்து சுத்தினா சுமார் அரை ஓம் மின்தடை வரும். சுத்து கூடினா ஓம் கூடும். கம்பி தடிச்சா ஓம் குறையும்.

காயிலுக்கு நடுவுல பஞ்சு போகுது. அம்மா சாமி விளக்குக்குத் திரி போடுறதைப் பார்த்திருப்பீங்க. அதே தத்துவம்தான் இங்கேயும். திரி ரொம்ப இறுக்கமா இருந்தா எண்ணெய் மேல ஏறாது. ரொம்பத் தளர்வா இருந்தா காயிலோடு ஒட்டாது.

பஞ்சு ஈரமா இருக்குறது ஏன் முக்கியம்? சோத்துப் பானையை நினைச்சுக்கோங்க. தண்ணி இருக்குற வரைக்கும் பானை 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணி வத்தினதும் அடிப்பிடிக்கும். வேப் திரவத்தில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், கிளிசரின் 290-ல். திரவம் இருக்குற வரைக்கும் ஆவியாகுறதே வெப்பத்தை இழுத்துக்கும். காய்ஞ்சதும் சூடு எகிறி பஞ்சு கருகும், தொண்டை கமறும். அதைத்தான் "டிரை ஹிட்" என்கிறாங்க. கெட்ட ருசி மட்டும் இல்லை, அந்தச் சூட்டில் ஃபார்மால்டிஹைடு மாதிரியான நச்சுகளும் அதிகமா உருவாகும். ஆர்.டி.ஏ.வில் டேங்க் இல்லாததால, எப்போ சொட்டு விடணும்னு பார்த்துக்க வேண்டியது நீங்கதான்.

பள்ளிக்கூடக் கணக்கு ஒண்ணு

வோல்ட்டை ஓமால் வகுத்தா ஆம்ப். ஜிசிஎஸ்இ-யில் படிச்ச அதே ஓம் விதி. இதுதான் இந்த மடலின் மையம்.

ஆர்.டி.ஏ.வை ஒரு பேட்டரிக் குழாய் மேல திருகணும். அந்தக் குழாய்க்குப் பேர் மோட். சிப் இல்லாத வகை மெக்கானிக்கல் மோட். அதில் பட்டனை அழுத்தினா பேட்டரியும் காயிலும் நேரா இணையும், நடுவுல தடுக்க எதுவும் இல்லை. முழுசா சார்ஜ் ஆன லித்தியம் செல் 4.2 வோல்ட். இப்போ கணக்குப் போடுங்க:

0.5 ஓம் காயில்: 8.4 ஆம்ப், சுமார் 35 வாட்.
0.25 ஓம் காயில்: 16.8 ஆம்ப், சுமார் 70 வாட்.
0.15 ஓம் காயில்: 28 ஆம்ப், சுமார் 118 வாட்.

ரெண்டாவது வரியைக் கவனிங்க. அரை ஓம் காயில் ரெண்டை ஒரே டெக்கில் போட்டா மொத்தம் 1 ஓம் வராது. அவை பக்கவாட்டு இணைப்பில் இருக்கு, அதனால பாதியாகி 0.25 ஓம் ஆகிடும். "ரெண்டு காயில் போட்டா தடை கூடும்" என்று நினைச்சுக் கட்டுறவங்க மாட்டிக்குற இடம் இதுதான்.

இந்த ஆம்பை பேட்டரி தாங்கணும். பலர் பயன்படுத்தும் சாம்சங் 25ஆர் என்ற 18650 செல் தொடர்ச்சியா தரக்கூடியது 20 ஆம்ப். 4.2-ஐ 20-ஆல் வகுத்தா 0.21 ஓம். அதுக்குக் கீழே இந்த செல்லைக் கொண்டு போகவே கூடாது. அந்த எல்லைக்குப் பக்கத்துல நிக்கிறதும் புத்திசாலித்தனம் இல்லை. மீட்டர் 0.2 காட்டி, நிஜத்தில் 0.15 இருந்தா, 21 ஆம்ப் என்று நீங்க நினைக்கிறது 28 ஆம்ப் ஆகிடும். இன்னொண்ணு: சில செல்களின் மேலுறையில் பெரிய ஆம்ப் எண் அச்சடிச்சிருக்கும். அது ஒரு சில நொடிகள் மட்டும் தாங்கும் உச்ச அளவா இருக்கலாம். தொடர்ச்சியான அளவு எவ்வளவுன்னு பாருங்க.

சிப் இருந்தா கவலை இல்லையா?

குறையும், போகாது. ரெகுலேட்டட் மோடில் உள்ள சிப் ஷார்ட் ஆனா நிறுத்தும், ஓம் ரொம்பக் குறைஞ்சா மறுக்கும். ஆனா கணக்கு இங்கே மாறுது. நீங்க கேக்குற வாட்டை பேட்டரியின் வோல்ட்டால் வகுக்கணும். ஒரே செல் போட்ட மோடில் 80 வாட் கேட்டா, சார்ஜ் குறைஞ்சு 3.2 வோல்ட் இருக்கும்போது செல் 25 ஆம்ப் தரவேண்டி வரும். சார்ஜ் குறையக் குறைய பேட்டரி மேல பாரம் கூடுது.

மெக்கானிக்கலில் "ஹைபிரிட்" வகை இன்னும் கவனமா பார்க்க வேண்டியது. அதில் ஆர்.டி.ஏ.வின் அடியில் உள்ள 510 முனை பேட்டரியை நேரா தொடும். அந்த முனை வெளியே நீட்டிக்கிட்டு இல்லன்னா, பாசிட்டிவையும் நெகட்டிவையும் ஒரே உலோகம் தொட்டு ஷார்ட் ஆகும். அப்போ மூடின குழாய்க்குள்ள வாயு அழுத்தம் ஏறும். அமெரிக்காவில் வேப் வெடிச்சு 2018-ல் ஃப்ளோரிடாவில் ஒருவரும் 2019-ல் டெக்சஸில் ஒருவரும் இறந்தாங்க.

செல்லின் மேலுறை கிழிஞ்சிருந்தா பயன்படுத்தாதீங்க, ஏன்னா அந்த உருளையின் உடம்பு முழுக்க நெகட்டிவ். தனி செல்லைச் சாவி, சில்லறையோட பாக்கெட்டில் போடாதீங்க. பிளாஸ்டிக் டப்பா ரொம்ப மலிவு.

அதே பாட்டில், வேற அளவு

யுகே-யில் நிகோடின் உச்சவரம்பு ஒரு மில்லி லிட்டருக்கு 20 மில்லிகிராம். கனடாவிலும் 2021-ல் இருந்து அதே. குறைஞ்ச வாட்டில் ஓடும் சின்னப் பாடுக்கு அந்த 20 சரியா இருக்கலாம். ஆர்.டி.ஏ. ஒரே இழுப்பில் பல மடங்கு ஆவி தரும். அதனாலதான் இதில் 3 அல்லது 6 மில்லிகிராம் திரவம் போடுறாங்க. டிஸ்போசபிளில் இருந்து மாறுறவங்க பழைய 20-ஐ இதில் ஊத்தினா தலை சுத்தும், குமட்டும். உடம்பு "போதும்" என்று சொல்ற அறிகுறி அது.

ஊருக்குப் போறீங்களா?

லீவுக்குச் சென்னை டிக்கெட் போட்டிருந்தா இதை வீட்டிலேயே வெச்சுட்டுப் போங்க. இந்தியாவில் 2019 சட்டப்படி மின் சிகரெட் இறக்குமதி, விற்பனை, சேமிப்பு எல்லாம் தடை. இறக்குமதிக்கு முதல் முறை மாட்டினாலே ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். வழியில் சிங்கப்பூரில் இறங்கினா, அங்கே கையில் வெச்சிருக்குறதே குற்றம். தடை இல்லாத ஊருக்குப் போனாலும் லித்தியம் செல் கைப்பையில்தான் போகணும், செக்-இன் பெட்டியில் கூடாது.

யாராவது "இதை இழுத்துப் பாரு" என்று நீட்டினா மூணு கேள்வி கேளுங்க: எத்தனை ஓம்? என்ன பேட்டரி? எத்தனை மில்லிகிராம்? மூணுக்கும் டக்குனு பதில் வரலன்னா, அதை அப்படியே மேசையில் வைங்க.

கேள்வி இருந்தா இந்த மடலுக்கே பதில் போடுங்க. அடுத்த எபிசோடில் எடுத்துப் பேசறோம்.