பல வண்ண ரப்பர் ஸ்டாம்பும் கையால் செய்யும் வாழ்த்து அட்டையும்



ரப்பர் ஸ்டாம்ப் இல்லாத கடை நம்மில் யாருக்கும் இல்லை. கடைப் பெயருக்கு ஒன்று, "பணம் பெறப்பட்டது" என்பதற்கு ஒன்று என்று கல்லாப் பெட்டி ஓரத்தில் இரண்டு மூன்று கிடக்கும். ஊதா மை பேடும் பக்கத்திலேயே இருக்கும். அதே ரப்பர் ஸ்டாம்பைக் கொண்டு மூன்று நான்கு நிறங்களில் பொங்கல், தீபாவளி வாழ்த்து அட்டைகளை நம் கையாலேயே தயாரிக்க முடியும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இதைச் செய்து வருபவன் என்ற முறையில், மை ஏற்றும் முறைகளை நம் சங்க உறுப்பினர்களுக்கு விளக்கிச் சொல்ல விரும்புகிறேன்.

இதில் நான் இறங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1996 பொங்கலுக்கு ஓர் அச்சகத்தில் 300 வாழ்த்து அட்டைகள் வாங்கி, கடைப் பெயர் அச்சிட்டு, எங்களிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்களுக்கு அனுப்பினேன். பொங்கல் கழிந்து சரக்கு எடுக்க வந்த ஒருவர், பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். ஒன்று என்னுடையது. மற்றொன்று அதே வீதியில் அதே வியாபாரம் செய்யும் இன்னொரு கடையினுடையது. படம் ஒன்றே, வாசகமும் ஒன்றே, கடைப் பெயர் மட்டும் வேறு. "என்ன அண்ணாச்சி, ரெண்டு கடையும் கூட்டா சேர்ந்துட்டீங்களா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். ஆனால் காசு கொடுத்து வாங்கி அனுப்பிய வாழ்த்தில் நம்முடையது என்று சொல்ல எதுவுமில்லை என்பது அன்று உறைத்தது.

எப்படிப்பட்ட ஸ்டாம்ப்?

மரக்கைப்பிடியில் ரப்பர் ஒட்டிய சாதாரண ஸ்டாம்ப்தான் இதற்கு ஏற்றது. தானே மை ஏற்றிக்கொள்ளும் ஸ்டாம்பும், உள்ளேயே மை நிரப்பிய ஸ்டாம்பும் பில் போடுவதற்கு வசதி. ஆனால் அவற்றில் பெரும்பாலும் ஒரே நிறம்தான் இருக்கும். நம் விருப்பப்படி இடத்துக்கு ஒரு நிறம் ஏற்ற முடியாது. பொங்கல் பானை, இரு பக்கமும் கரும்பு, மேலே சூரியன் என்று பெரிய உருவங்களாகவும், ஒன்றுக்கொன்று சற்று இடைவெளி விட்டும் படம் இருக்கட்டும். நெருக்கமான சிறு கோடுகள் இருந்தால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து பாழாகும். கண்ணாடி போன்ற ஸ்டாம்புகளும் இப்போது கிடைக்கின்றன. அவற்றை ஒளி ஊடுருவும் கட்டையில் ஒட்டிக் குத்தும்போது, எந்த இடத்தில் படுகிறது என்பதை மேலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

எந்த மை? எந்த அட்டை?

என் முதல் நஷ்டம் இதில்தான் வந்தது. பளபளப்பாக இருக்கட்டும் என்று ஆர்ட் அட்டை வாங்கினேன். 200 அட்டைகள் குத்தி, இரவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தேன். காலையில் எடுத்தால் ஒன்றின் முகத்திலிருந்த மை அடுத்ததன் முதுகில் ஒட்டியிருந்தது. அத்தனையும் குப்பைக்குப் போயின.

காரணம் எளிதானது. பேடு மையில், அது பேடிலேயே காய்ந்து போகாமலிருக்கக் கிளிசரின் போன்ற பொருள் சேர்த்திருப்பார்கள். அந்த மை காற்றில் காய்வதைவிடக் காகிதத்துக்குள் ஊறித்தான் காய்கிறது. பளபளப்பான அட்டை மையை உறிஞ்சுவதில்லை. எனவே மேற்பூச்சில்லாத, சற்றுச் சொரசொரப்பான அட்டையே வேண்டும். 200 முதல் 250 ஜி.எஸ்.எம். கனம் போதுமானது. அஞ்சலட்டை அளவான 14 சென்டிமீட்டருக்கு 9 சென்டிமீட்டர் எனத் துண்டு போட்டுக்கொண்டால், ஒரு பெரிய தாளில் வீணாவது குறைவு.

மையில் இரண்டு வகை உண்டு. சாய மை மெல்லியது. காகிதத்தில் ஊறிச் சீக்கிரம் காயும். ஒரு நிறத்தின்மேல் இன்னொன்று விழுந்தால் அடியில் உள்ளதும் தெரியும். நிறமி மை கெட்டியானது, காகிதத்தின் மேலேயே படிந்து நிற்கும், காய நேரமெடுக்கும், ஆனால் நிறம் எளிதில் வெளுக்காது. புதிதாகத் தொடங்குபவர்கள் சாய மையிலேயே தொடங்கலாம்.

சாக்கு மூட்டைக்கு மார்க்கா போடும் எண்ணெய் மையை மட்டும் இதில் தொடவே வேண்டாம். 1844இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர், கந்தகம் சேர்த்துச் சூடுபடுத்தி ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அப்படிப் பதப்படுத்திய ரப்பர் வெயிலில் இளகாது, குளிரில் நொறுங்காது. ஆனால் இயற்கை ரப்பருக்கு எண்ணெய் பகை. எண்ணெயோ, மண்ணெண்ணெயோ, பெட்ரோலோ பட்டால் அது உப்பிப் படத்தின் கோடுகள் தடித்துவிடும்.

முறை ஒன்று: ஸ்கெட்ச் பேனா

பிள்ளைகள் வண்ணம் தீட்டும், தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாக்கள் போதும். ஸ்டாம்பைத் தலைகீழாகப் பிடித்து, ரப்பரின்மேலேயே நிறம் தீட்ட வேண்டும். சூரியனுக்கு மஞ்சள், கரும்புத் தோகைக்குப் பச்சை, பானைக்குச் செங்கல் நிறம். எப்போதும் வெளிர் நிறத்தை முதலில் தீட்டி, அடர் நிறத்தைக் கடைசியில் தீட்டுங்கள். மாற்றிச் செய்தால் மஞ்சள் பேனாவின் முனை பச்சையைத் தொட்டு, அன்றோடு அந்தப் பேனா கெட்டது.

மூன்று நிறமும் தீட்டி முடிப்பதற்குள் முதலில் தீட்டியது காய்ந்திருக்கும். அதற்குக் கண்ணாடி துடைக்கும்முன் ஊதுவதுபோல வாயைத் திறந்து "ஹா" என்று இரண்டு மூன்று முறை ரப்பர்மேல் ஊதினால், மூச்சின் ஈரத்தில் மை மீண்டும் இளகும். உடனே குத்திவிட வேண்டும். ஓர் அட்டைக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் பிடிக்கும். முக்கியமான 25 பேருக்கு மட்டும் அனுப்புவதானால் இதுவே சிறந்தது.

முறை இரண்டு: வானவில் பேடு

எண்ணிக்கை அதிகமானால் இந்த முறை. மை ஊற்றாத உலர்ந்த பேடு ஒன்று வாங்கி, அதன்மேல் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய மூன்று மைகளையும் பட்டை பட்டையாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பட்டைகளுக்கு நடுவில் மூன்று மில்லிமீட்டர் அளவு இடம் விட வேண்டும். ஓரிரவில் மை பரவித் தானே ஒன்றோடொன்று சேரும். ஒரே குத்தில் கீழ்வானம்போல நிறம் மாறி மாறி விழும்.

பக்கத்துப் பக்கத்தில் எந்த நிறங்களை வைக்கலாம் என்பதில் கவனம் தேவை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஒத்துப்போகும். மஞ்சள், பச்சை, நீலமும் ஒத்துப்போகும். சிவப்பையும் பச்சையையும் அடுத்தடுத்து வைத்தால் நடுவில் சேற்று நிறம்தான் வரும். ஸ்டாம்பை ஒவ்வொரு முறையும் ஒரே திசையில், ஒரே இடத்தில் ஒற்ற வேண்டும். கைப்பிடியின் முன்பக்கத்தில் ஓர் அடையாளம் போட்டுக்கொண்டால் திசை மாறாது. பேடை எப்போதும் படுக்கை வசமாகவே வையுங்கள். நிறுத்தி வைத்தால் மேல்நிறம் கீழ்நிறத்தில் இறங்கிவிடும்.

முறை மூன்று: பஞ்சுத் துண்டு

பாத்திரம் துலக்கும் புதுப் பஞ்சைப் பெருவிரல் அளவில் வெட்டி, நிறத்துக்கு ஒரு துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சில் மையைத் தொட்டு ரப்பரில் வேண்டிய இடத்தில் மெதுவாக ஒற்றலாம். தேய்க்கக் கூடாது; தேய்த்தால் கோடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் மை இறங்கி, அச்சு திட்டுத்திட்டாக விழும்.

முறை நான்கு: நிறத்துக்கு ஒரு ஸ்டாம்ப்

சிவகாசி அச்சகங்களில் காலண்டர் படம் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு எனத் தனித்தனி நிறங்களாக ஒன்றன்மேல் ஒன்று அச்சாவதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறையை நாமும் கையாளலாம். உருவத்தின் உட்பகுதிக்கு ஒரு ஸ்டாம்ப், வெளிக்கோட்டுக்கு ஒரு ஸ்டாம்ப் எனச் செய்துகொண்டு, உட்பகுதியை வெளிர் நிறத்தில் குத்தி, நன்றாகக் காய்ந்தபின் வெளிக்கோட்டைக் கறுப்பில் குத்த வேண்டும். சாய மையில் மஞ்சள்மேல் நீலம் விழுந்தால் பச்சையாகும். ஆகவே இரண்டு மை கொண்டே மூன்று நிறம் காட்டலாம்.

இரண்டாவது ஸ்டாம்ப் விலகாமல் விழுவதுதான் சிரமம். கனமான அட்டையை "ட" எழுத்தைப்போல் வெட்டி மேஜையில் ஒட்டி, வாழ்த்து அட்டையின் மூலை எப்போதும் அதில் இடித்து நிற்கும்படி செய்யுங்கள். ஸ்டாம்புக் கட்டைக்கும் இப்படி ஒரு மூலை வைத்தால் நூல் பிசகாது.

பானைக்குப் பின்னால் கரும்பு தெரிய வேண்டுமா? பானையை முதலில் குத்துங்கள். அதே பானையை மெல்லிய தாளில் குத்திக் கத்தரித்து, அட்டையிலுள்ள பானையின்மேல் மூடி வையுங்கள். பிறகு கரும்பைக் குத்தித் தாளை எடுத்தால், கரும்பு பானைக்குப் பின்னால் நிற்கும்.

கைப்பழக்கம்

அட்டைக்கு அடியில் நான்காக மடித்த செய்தித்தாள் இருக்கட்டும். ஸ்டாம்பை நேராக இறக்கி, நேராக அழுத்தி, நேராகத் தூக்க வேண்டும். பில்லில் குத்துவதுபோல ஓங்கிக் குத்தவோ, ஆட்டவோ கூடாது. முதல் இரண்டு அச்சைக் கழிவுத் தாளில் போட்டுப் பாருங்கள். மை குறைவாக இருந்தால் மறுபடியும் ஏற்றலாம். அதிகமாகிவிட்டால் அந்த அட்டை போயிற்று.

நிறம் மாற்றும்போதெல்லாம் ஈரத்துணியால் ரப்பரைத் துடைத்து உலரவிடுங்கள். ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் காகிதம் ஈரம் கோத்திருக்கும். அந்நாட்களில் மதிய வேளையே இந்த வேலைக்கு உகந்தது. ஓர் இரவு முழுவதும் அட்டைகளைத் தனித்தனியே பரப்பி வையுங்கள். சாய மை வெயிலில் வெளுக்கும், தண்ணீரில் கரையும் என்பதால் நிழலில் உலர்த்தி, உறையிலிட்டு அனுப்புவது நல்லது.

நம் தொழிலுக்கென்று இரண்டு எச்சரிக்கைகள். பில் ஸ்டாம்பையும் கையெழுத்துக்கு மேலே குத்தும் கடை முத்திரையையும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அவை வெற்று அட்டையில் விழுந்து வெளியே போவது ஆபத்து. அடுத்து, இந்த மை உணவுக்கானதல்ல. பருப்பையோ பலகாரத்தையோ தொடும் காகிதத்தில் இதைக் குத்த வேண்டாம்.

எதற்காக இவ்வளவு சிரமம்?

கைபேசியில் ஒரு விரல் தட்டினால் ஆயிரம் பேருக்கு வாழ்த்துப் போகும் காலத்தில், ஓர் அட்டைக்கு இரண்டு நிமிடமா என்று கேட்கலாம். என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

எங்களிடம் முப்பது வருடம் சரக்கு எடுத்த ஒரு கிராமத்துக் கடைக்காரர் 2019இல் காலமானார். அவர் கணக்கில் பதினோராயிரத்துச் சில்லறை பாக்கி இருந்தது. துக்க வீட்டில் பாக்கியைப் பற்றிக் கேட்கும் வழக்கம் எனக்கில்லை. இரண்டு மாதம் கழித்து அவர் மகன் தானாகவே கடைக்கு வந்தார். அப்பாவின் பாக்கி நோட்டைக் கொண்டுவந்திருந்தார். அதன் நடுவில் நான் அனுப்பிய பொங்கல் அட்டைகள் ஆண்டு வாரியாக அடுக்கியிருந்தன. அச்சு விலகிப் பானைக்கு வெளியே மஞ்சள் வழிந்த பழைய அட்டைகூட இருந்தது. "எல்லா மொத்தக் கடைக்கும் கணக்கு இருந்துச்சு அண்ணாச்சி. இது எந்தக் கடைன்னு மட்டும் கேக்காமலே தெரிஞ்சுது" என்றார். மூன்று தவணையில் பணத்தைக் கட்டினார். இன்றும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார்.

அட்டை அனுப்பினால் பாக்கி வசூலாகும் என்று நான் சொல்லவில்லை. அது அந்தத் தகப்பனும் மகனும் கொண்ட நாணயம். ஆனால் நம் பெயர் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர அந்த அட்டை ஒரு வழியாக இருந்தது. பெரிய நிறுவனங்கள் நம் சில்லறைக் கடைக்காரர்களின் வாசலுக்கே சரக்கைக் கொண்டுவந்து இறக்கும் இந்நாளில், விலையில் அவர்களோடு போட்டியிடுவது எல்லா நேரமும் நம்மால் ஆகாது. நம் கைப்பட ஒரு வாழ்த்து அனுப்புவது நம்மால் ஆகும்.

வரும் பொங்கலுக்குப் பத்தே பத்து அட்டைகளோடு தொடங்கிப் பாருங்கள்.

வாழ்க வணிகம்! வளர்க நம் ஒற்றுமை!