சதுரங்க நூலும் கைக்கணினியும்

ஏனைய நூல்களைக் கண்ணால் கற்கிறோம். சதுரங்க நூலைக் கையாலும் கற்க வேண்டும். மடியில் நூல், எதிரே பலகை என அமர்ந்து, அச்சிட்ட நகர்வுகளை ஒவ்வொன்றாகக் காய்களால் நகர்த்திப் பார்த்தால்தான் ஒரு பக்கம் விளங்கும். இடர் கிளை நகர்வுகளில் உள்ளது. 'கறுப்பு இவ்வாறன்றி அவ்வாறு ஆடியிருப்பின்' என்று ஆசிரியர் அடைப்புக்குறிக்குள் ஆறேழு நகர்வுகள் சென்று மீள்வார். உடன் சென்ற நாமோ காய்களைப் பழைய நிலையில் மீட்டு வைக்க இயலாது திகைப்போம். தொடக்க நிலை மாணவர் பலர் நூலை மூடிவைப்பது இவ்விடத்தில்தான்.

இக்குறையை நீக்கவே நூலுக்குள் பலகையை வைத்த செயலிகள் தோன்றின. டேப்லெட் எனப்படும் கைக்கணினியில் உரையும் பலகையும் அடுத்தடுத்து நிற்கும். உரையிலுள்ள நகர்வைத் தொட்டால் பலகையில் அந்நிலை அமையும். மூல ஆட்டத்திற்குத் திரும்பவும் ஒரு தொடுகை போதும். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபின், அதிலும் 2024 டிசம்பரில் சென்னையின் குகேஷ் 18 வயதில் உலக வாகையர் ஆனபின், எந்தச் செயலியை வாங்கலாம் என மாணவர் பலர் வினவுகின்றனர்.

முதலில் நூலைத் தேர்க. செயலியைப் பின்னர்த் தேர்க என்பதே என் விடை. ஒரு செயலியின் கடையில் வாங்கிய நூல் பெரும்பாலும் அச்செயலிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். 'பார்வர்டு செஸ்' பல பதிப்பகங்களின் நூல்களை விற்கிறது. மாதிரிப் பகுதியை இலவசமாகவும் தருகிறது. 'செஸ்ஸபிள்' படிப்பதைக் காட்டிலும் நகர்வுகளைத் திரும்பத் திரும்பப் பயின்று மனத்தில் பதிப்பதற்கே ஏற்றது. 'எவ்ரிமேன்' பதிப்பகமோ தன் மின்னூல்களைப் பிஜிஎன் வடிவிலும் விற்கிறது. 1993-இல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்த இவ்வடிவம் வெறும் எழுத்துக் கோப்பேயாதலின், எந்தச் சதுரங்க மென்பொருளும் இதனைத் திறக்கும். கட்டணமில்லாத 'லீசெஸ்' தளத்திலும் ஏற்றிப் படிக்கலாம். தந்தையின் வருவாயில் நூல் வாங்கும் மாணவருக்கு இதுவே நன்று. செயலி மறைந்தாலும் நூல் கையில் நிற்கும். வருடிய பக்கங்களாகச் சுற்றில் உலவும் திருட்டுப் பிரதிகளைப் பற்றிக் கேட்போருக்கு ஒன்று சொல்வேன்: அவை பிறர் உழைப்பு, அன்றியும், வெறும் படமாகிய அப்பக்கத்தில் நகர்வைத் தொட்டால் எதுவும் நகராது.

அடுத்து, குறிமுறை. சிரியாவின் அலெப்போ நகரத்தவரான பிலிப் ஸ்டம்மா 1737-இல் பாரிசில் வெளியிட்ட நூலில் கட்டங்களை எழுத்தாலும் எண்ணாலும் குறித்தார். இன்றைய நூல்களில் வழங்குவது அம்முறையின் வளர்ச்சியே. காய்களின் பெயர்களில்தான் குழப்பம். தமிழில் மந்திரி என்பது மூலைவாட்டில் செல்லும் காய். உருது வழங்கும் இல்லங்களில் வஜீர் என்றால் ராணி. ஆங்கில நூலிலோ குதிரைக்கு 'என்' என்னும் எழுத்து, ஏனெனில் 'கே' அரசனுக்குப் போய்விட்டது! ஆகவே எழுத்துக்கு மாற்றாகக் காயின் உருவத்தையே காட்டும் வசதி செயலியில் உண்டா என நோக்குக. தமிழறிந்தாரும், திருத்தணிப் பக்கத்தில் தெலுங்கு பேசுவாரும் அதனை ஒருங்கே படிப்பர்.

இன்றியமையாதது இன்னொன்று. 'ஸ்டாக்ஃபிஷ்' போன்ற கணிப்புப் பொறி செயலிக்குள் அமைந்திருப்பின், அதனை அணைத்து வைக்க இயலவேண்டும். நிலையைக் கண்ட நொடியில் விடையும் தெரியுமாயின் மாணவன் சிந்திப்பதற்கு என்ன எஞ்சும்? நானறிந்த நன்முறை, அடுத்த நகர்வை மறைத்துத் தானே ஒன்றை எண்ணி, குறிப்பேட்டில் எழுதி, அதன் பின்னரே தொடுவது. எழுதிய குறிப்பைச் செயலியிலேயே சேமித்து வெளியே எடுக்க இயலுமாயின் மேலும் சிறப்பு.

சமுதாயப் பெரியோர் சிலருக்கு இவ்வாட்டம் பற்றியே தயக்கமுண்டு. மார்க்க அறிஞரிடையே இதில் கருத்து வேறுபாடு தொன்மையானது. ஷாஃபிஈ அறிஞர் பலர் மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்தினர். சூது கலந்தாலும், தொழுகையைத் தவறவிடச் செய்தாலும் கூடாது என்பதில் பிணக்கில்லை. தீர்ப்புரைப்பது என் பணியன்று. ஆயினும் ஒரு வேறுபாட்டைச் சுட்டலாம்: இணையத்தில் ஆடும் ஆட்டத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், இடையில் எழ மனம் வராது, விளம்பரம் நிறைந்த இலவசச் செயலிகள் பணப்பந்தய விளையாட்டுகளுக்கும் வழிகாட்டக்கூடும். நூற்செயலியைப் பாங்கொலி கேட்டதும் மூடலாம். திரும்பி வந்தால் விட்ட பக்கம் காத்திருக்கும்.

பணம் கட்டுமுன் ஒரு சோதனை செய்க. இலவச மாதிரியை இறக்கி, இணையத்தைத் துண்டித்துவிட்டு, திருத்தணியிலிருந்து அரக்கோணம் வரை மின்தொடர் வண்டியில் அமர்ந்து படித்துப் பாருங்கள். பலகை நகர்கிறதா, எழுத்தைப் பெரிதாக்கினால் பலகை சுருங்கிவிடுகிறதா, நெரிசலில் ஒருகையால் பக்கம் புரட்ட இயல்கிறதா என்பவை அரக்கோணம் வருமுன் தெரிந்துவிடும்.