கூடலூர் காட்டு வழக்கும் நம்ம பகுதியும்



காட்டு மரம் வெட்டும் வழக்கு பற்றிக் கூட்டத்தில் பேச்செடுத்ததும், "எம்.கே.பி. நகர்ல நிழலுக்கு மரம் தேடணும், காட்டைப் பத்தி நமக்கென்ன?" என்று ஒரு அக்கா கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்காகவே இதை எழுதுகிறோம்.

நீலகிரி மாவட்டம் கூடலூர் பக்கம் காடு அழிவதைப் பார்த்து, நிலம்பூரைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் காட்டை வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது என்று 1980-லேயே சட்டம் உண்டு. ஆனால் "ரிக்கார்டுல இது காடு இல்லீங்க" என்று சொல்லித் தப்பிக்கலாம். 1996 டிசம்பர் 12-ல் கோர்ட் அந்த ஓட்டையை அடைத்தது. அகராதியில் காடு என்றால் என்ன அர்த்தமோ அதுதான் காடு, நிலம் யார் பேரில் இருந்தாலும் சரி. மத்திய அரசு ஒப்புக்கொண்ட செயல்திட்டப்படி தவிர எங்கேயும் காட்டு மரம் வெட்டக் கூடாது என்றார்கள். தமிழ்நாட்டுக் காடுகளுக்கு முழுத் தடையே போட்டார்கள்.

மனு போட்டவர் 2016-ல் காலமானார். வழக்கு மட்டும் அவருக்குப் பிறகும் ஓடியது. 2023-ல் சட்டத்தைத் திருத்தி, காடு என்பதன் எல்லையைச் சுருக்கினார்கள். அதை எதிர்த்தும் வழக்கு. பழைய அகராதி அர்த்தத்தையே தொடருங்கள் என்று 2024 பிப்ரவரியில் கோர்ட் இடைக்கால உத்தரவு போட்டது.

சரி, நமக்கென்ன? முதலில் ஆய்வு, பிறகுதான் வேலை என்ற அதே நியாயம் எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் வரும் துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் உண்டு. 2006-ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி இப்படிப்பட்ட பெரிய திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். (சில திட்டங்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள், அது நமக்கு வருத்தம்தான்.) குறைந்தது 30 நாள் முன்னால் பேப்பரில் விளம்பரம் வர வேண்டும். ஆய்வு அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கலெக்டர் ஆபீஸில் இருக்கும், போய்ப் படிக்கலாம்.

கூட்டத்தில் ஓட்டெடுப்பு கிடையாது, கை தூக்கிப் பயனில்லை. நாம் பேசுவது பதிவாக வேண்டும், அதுதான் முக்கியம். கடைசியில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் படித்துக் காட்டுவார்கள். சமையலுக்கு நேரமாச்சு என்று அதற்குள் கிளம்பிவிடாதீர்கள். சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே கேளுங்கள். எழுதியும் கொடுக்கலாம்.

அனுமதி கொடுத்துவிட்டால், 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தென்மண்டல அமர்வு நம்ம சென்னையிலேயே, சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கிறது. தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை தருவார்கள். அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் மனுவை எடுக்க மாட்டார்கள்.